கணக்கு நோட்டு யார் கையில்?

வெளிநாட்டு நன்கொடைப் பணம் ஓர் ஏழைக் குடும்பத்தின் வறுமையை எந்த வழியில் குறைக்கிறது, எந்த இடத்தில் குறைக்கத் தவறுகிறது என்பதை ஆராய விரும்புவோருக்கு மைசூரு மாவட்டம் வளமான களம். 1960களில் அகதிகளுக்கு வீடும் நிலமும் அமைத்துத் தருவதற்காக இங்கே வந்த பன்னாட்டு உதவி, 1980களில் உள்ளூர் ஏழைக் குடும்பங்களின் பக்கம் திரும்பியது. சேமிப்பும் கடனும் உறுப்பினர்களின் பொறுப்பிலேயே இருக்கும் சிறு சங்கங்களைத் தாங்கி நின்றது. இன்று நாடு முழுவதும் சுய உதவிக் குழு என்று அறியப்படும் பேரமைப்பின் முதல் ஊற்றுகளில் ஒன்றாகவும் ஆனது. இந்த வரலாற்றின் நடுவே நிற்கும் நிறுவனம் மைராடா. மைசூர் மறுகுடியமர்வு, வளர்ச்சி முகமை என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1968இல் கேப்டன் வில்லியம் டேவின்சனும் சிலரும் சேர்ந்து தொடங்கியபோது மாநிலத்தின் பெயரே மைசூர்தான். கர்நாடகம் என்ற பெயர் 1973 நவம்பரில் வந்தது. எனவே அந்தப் பெயரில் உள்ள மைசூர் நகரத்தைக் குறிப்பதன்று, பழைய மாநிலத்தைக் குறிப்பது. ஆயினும் அதன் வேலை வேர்பிடித்த இடங்களில் முதன்மையானவை மைசூரு மாவட்டத்தின் பெரியபட்ணா, ஹுன்சூர், ஹெக்கடதேவனகோட்டை வட்டங்களே.

அகதிக் குடியிருப்புகள்

1959இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து இந்தியாவுக்கு வந்த திபெத்தியர்களைக் குடியமர்த்த அன்றைய மைசூர் மாநில அரசு முன்வந்து, பெரியபட்ணா வட்டத்தின் பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலத்தை அளித்தது. 1960–61இல் அங்கே முதல் குடியிருப்பு எழுந்தது. பனிமலைக் காற்றுக்குப் பழகிய உடல்கள் தக்காணத்து வெயிலில் காடு வெட்டி, கூடாரத்தில் தங்கி, யானைகளுக்கு அஞ்சி இரவைக் கழித்த அந்தத் தொடக்க ஆண்டுகளில் நோயும் இறப்பும் மிகுதியாக இருந்தன. அதன்பின் பைலகுப்பேயிலேயே இரண்டாவது குடியிருப்பும், ஹுன்சூர் வட்டத்தின் குருபுரத்திலும், அப்போது மைசூரு மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலத்தை அடுத்த ஒடெயர்பாளையத்திலும் மேலும் சில குடியிருப்புகளும் உருவாயின. இந்திய அரசு, மாநில அரசு, வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் இணைத்து, காடு திருத்துதல், கிணறு, உழவு இயந்திரம், வீடு என்று பணிகளை ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அந்தத் தேவையில் பிறந்ததே மைராடா. சுமார் 15,000 திபெத்தியர்களின் மறுகுடியமர்வில் அதற்குப் பங்கு உண்டு.

மறுகுடியமர்வு என்னும் இந்த வகை உதவிக்குத் தெளிவான எல்லை உண்டு. எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எத்தனை வீடு என்று முதலிலேயே கணக்கிட்டு, பணத்தைப் பெற்று, வேலையை முடித்து, பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். ஒவ்வொரு திபெத்தியக் குடியிருப்பிலும் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. விளைபொருள் விற்பனையும் இயந்திரங்களின் பராமரிப்பும் அதன் வழியாக நடந்தன. அந்தச் சங்கங்கள் தாக்குப்பிடித்ததற்குப் பணம் மட்டும் காரணமன்று. ஒரே மொழி, ஒரே சமயம், எல்லோரும் ஏற்றுக்கொண்ட தலைமை, இழந்த நாட்டின் நினைவு ஆகியவை அந்த மக்களை முன்பே ஒன்றாகக் கட்டியிருந்தன. இந்த உண்மையின் முழு எடையும் பின்னர், அதே கூட்டுறவு முறையை அக்கம்பக்கத்துக் கன்னட கிராமங்களில் நடத்திப் பார்த்தபோதுதான் புலப்பட்டது.

கபினிக் கரையின் வறுமை

ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தை மைசூருவாசிகள் எச்.டி. கோட்டை என்றே சொல்வார்கள். ஒருபுறம் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகள். மறுபுறம் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணை. காட்டைப் புலிகளுக்காகக் காத்ததாலும் ஆற்றைப் பாசனத்துக்காகத் தேக்கியதாலும் நாடு பெற்ற நன்மை பெரிது. அந்த நன்மைக்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜேனு குறும்பர், காடு குறும்பர், எரவர், சோலிகர் ஆகிய பழங்குடியினரும், நீரில் மூழ்கிய ஊர்களின் சிறு உழவர்களும் ஆவர். இவர்களில் ஜேனு குறும்பரை மத்திய அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் வைத்துள்ளது. மழையை நம்பிய கேழ்வரகும் பருத்தியும் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாத நிலையில், இந்தக் குடும்பங்கள் பருவந்தோறும் குடகின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போயின, இன்றும் போகின்றன.

இத்தகைய குடும்பத்தின் வறுமையைப் புரிந்துகொள்ள வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது; வருமானம் வரும் நாளுக்கும் செலவு வரும் நாளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும். கூலி தை மாசியில் கிடைக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் ஆடியில் வருகிறது. அந்த இடைவெளியை நிரப்புபவர் வட்டிக்காரர். அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். ஐநூறு ரூபாய்க் கைமாற்றுக்காக அடுத்த பருவத்து உழைப்பை முன்கூட்டியே அடகு வைக்கும் குடும்பம் எவ்வளவு உழைத்தாலும் கரையேறுவதில்லை. வங்கியோ அந்த ஐநூறு ரூபாயைத் தராது. தொகை சிறியது, ஈடு இல்லை, நோக்கமும் உற்பத்தி சார்ந்ததன்று என்ற மூன்று காரணங்கள் அதற்குப் போதுமானவை.

அக்காலத்து அரசு இந்தச் சிக்கலை வேறு கண்ணால் பார்த்தது. 1978இல் தொடங்கி 1980இல் நாடு முழுதும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சொத்தைக் கொடுத்தால் அதன் வருமானத்தால் வறுமை நீங்கும் என்று நம்பியது. ஒரு பகுதி மானியம், மீதி வங்கிக் கடன் என்ற கணக்கில் கறவை மாடுகளும் ஆடுகளும் வழங்கப்பட்டன. எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சொத்து என்பதை அதிகாரியும் வங்கி மேலாளரும் முடிவு செய்தனர். தீவனத்துக்கு வழியில்லாத வீட்டுக்கும் மாடு வந்தது. இடைத்தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். கடன் திரும்பி வரவில்லை. ஏழைகளுக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வராது என்ற எண்ணம் வங்கிகளில் இறுகியதற்கு இந்தத் திட்டத்தின் வடிவமைப்பே பெருங்காரணம். அந்தப் பழி ஏழைகளின் மேல் விழுந்தது நியாயமன்று.

புகைப்படமும் கடிதமும்

மைராடாவின் எச்.டி. கோட்டைப் பணிக்கும், தமிழ்நாட்டில் தருமபுரிப் பணிக்கும் பணம் தந்த பன்னாட்டு அமைப்புகளில் பிளான் இன்டர்நேஷனல் குறிப்பிடத்தக்கது. அதன் பிறப்பு 1937இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் நடுவில் நிகழ்ந்தது. ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரும் எரிக் மக்கரிட்ஜ் என்பவரும் சேர்ந்து, போரில் ஆதரவிழந்த குழந்தைகளுக்கு வெளிநாட்டில் வளர்ப்புப் பெற்றோரைத் தேடித் தரும் திட்டமாக அதைத் தொடங்கினர். பணக்கார நாட்டில் உள்ள ஒருவர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அனுப்புவார். அவருக்கு ஒரு குழந்தையின் புகைப்படமும், குழந்தை எழுதிய அல்லது குழந்தைக்காக எழுதப்பட்ட கடிதமும், ஆண்டுக்கொரு முறை வளர்ச்சி விவரமும் போய்ச்சேரும். இதுவே குழந்தை ஆதரவாளர் முறை.

இந்த முறையின் பலம் வெளிப்படையானது. முகம் தெரிந்த ஒரு குழந்தைக்காக மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்கள். முகமில்லாத வறுமைக்காக அப்படிக் கொடுப்பதில்லை. பலவீனம் கிராமத்தில் தெரியவரும். அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக் குழந்தைக்குப் புத்தகமும் சட்டையும் வந்து, மறு வீட்டுக் குழந்தைக்கு வராமல் போனால், உதவி வந்த தெருவில் பொறாமையும் வந்து சேரும். புகைப்படம் எடுப்பதிலும் கடிதம் மொழிபெயர்ப்பதிலும் களப்பணியாளரின் நாட்கள் கரையும். அதைவிட முக்கியமாக, குழந்தையின் பசிக்கு மூலம் தாயின் கடனில் இருக்கும்போது, குழந்தைக்கு மட்டும் உதவுவது மூலத்தைத் தொடாது. குழந்தை ஆதரவாளர் முறையைக் கைக்கொண்ட பன்னாட்டு அமைப்புகள் பலவும் காலப்போக்கில் இதை உணர்ந்து, நன்கொடையைக் குறிப்பிட்ட குழந்தைக்கு நேராகக் கொடுப்பதைக் குறைத்து, அந்தக் குழந்தை வாழும் ஊரின் குடிநீர், பள்ளி, குடும்ப வருமானம் ஆகியவற்றில் செலவிடத் தொடங்கின. தாய்மார்களின் கடன் பிரச்சினையை நேராக எதிர்கொள்ளும் ஒரு வழி எச்.டி. கோட்டை போன்ற இடங்களில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

சங்கம் உடைந்தது, குழு பிறந்தது

1980களின் தொடக்கத்தில் மைராடா தன் திட்டப் பகுதிகளில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அவற்றின் வழியாகக் கடன் கொடுத்துவந்தது. ஒவ்வொன்றிலும் சராசரியாக நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள்; பல சாதியினர், நிலம் உள்ளவர், இல்லாதவர், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். திபெத்தியக் குடியிருப்பில் ஓடிய வண்டி இங்கே ஓடவில்லை. வசதியுள்ள சிலர் தலைமையைப் பிடித்துக்கொண்டனர். கணக்கு எங்கே போகிறது என்று ஏழை உறுப்பினருக்குத் தெரியவில்லை. தலைமையின் மேல் நம்பிக்கை போனது. 1984–85 வாக்கில் இந்தச் சங்கங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன.

வழக்கமாக ஒரு திட்ட அறிக்கை இந்த இடத்தில் தோல்வி என்று எழுதி முடிந்துவிடும். ஆனால் சங்கத்தை நம்பாத உறுப்பினர்களில் பலர் சிறு சிறு கூட்டமாக மைராடா பணியாளர்களிடம் வந்து, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருப்பதாகவும், அதைச் சங்கத்தில் கட்ட மாட்டோம் என்றும் சொன்னார்கள். அந்தப் பணத்தை நிறுவனம் வாங்கிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். மாறாக, நீங்கள் ஒருவரையொருவர் நம்பி ஒன்றாக வந்திருக்கிறீர்கள், எனவே அந்தப் பணத்தை உங்கள் கூட்டத்துக்குள்ளேயே கட்டி உங்களுக்குள்ளேயே கடனாகச் சுழற்றுங்கள் என்று பணியாளர்கள் யோசனை கூறினார்கள். இப்படித் தோன்றியவை முதலில் கடன் மேலாண்மைக் குழுக்கள் என்று அழைக்கப்பட்டன. 1986–87இல் மைராடாவின் திட்டப் பகுதிகளில் ஏறத்தாழ 300 குழுக்கள் இருந்தன. 1982இல் நிறுவனத்தின் செயல் இயக்குநராகப் பொறுப்பேற்ற அலோசியஸ் பிரகாஷ் பெர்னாண்டஸ், இந்தக் கூட்டங்களை இணைத்த பிணைப்பைக் கூர்ந்து பார்த்து, வெளியாள் வந்து சேர்ப்பதற்கு முன்பே மக்களிடையே இருந்த பரஸ்பர நம்பிக்கைதான் அது என்றும், குழு அமைப்பவரின் வேலை அந்த நம்பிக்கையைக் கண்டுபிடிப்பதே என்றும் தொடர்ந்து எழுதிவந்தார். 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குழுவின் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். பதினைந்து முதல் இருபது பேர் வாரம் ஒரு முறை, கூலி வேலை முடிந்த மாலையில், ஒரு வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பாய் விரித்து உட்காருகிறார்கள். நடுவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, வங்கியின் பாஸ்புக். தாமதமாக வந்தவருக்கும் சொல்லாமல் வராதவருக்கும் சிறு அபராதம் உண்டு. சேமிப்பைக் கட்டி முடித்ததும் கடன் கேட்பவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். ஒருத்தி பிள்ளையின் மருந்துக்குக் கேட்பாள், இன்னொருத்தி வட்டிக்காரரிடம் உள்ள வெள்ளிக் கொலுசை மீட்கக் கேட்பாள். கையிருப்பு இருவருக்கும் போதாது என்றால் யாருக்கு முதலில் என்பதை எல்லோரும் பேசித் தீர்மானிக்கிறார்கள். தீர்மானம் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்டு, கையெழுத்தோ கைநாட்டோ இடப்படுகிறது. ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் என்றால் இருபது பேரின் சேமிப்பு ஆண்டுக்கு 10,400 ரூபாய். குழு தன் உறுப்பினரிடம் பொதுவாக இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம், வாங்குகிறது. கேட்பவருக்கு இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அஞ்சு வட்டிக்கும் பத்து வட்டிக்கும் பழகிய வீட்டுக்கு இது பாதிக்கும் குறைவு. அந்த வட்டியும் ஊரைவிட்டு வெளியேறாமல் குழுவின் பொது நிதியில் சேர்ந்து மறுபடியும் அவர்களுக்கே கடனாகிறது.

முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான கடன்கள் உணவு, மருத்துவம், பழைய கடனை அடைத்தல் ஆகியவற்றுக்கே போகும். இவற்றை உற்பத்தி சாராத செலவு என்று வங்கி ஒதுக்கியது. ஆனால் வட்டிக்காரரிடமிருந்து விடுபட்ட குடும்பம்தான் தன் விளைச்சலைத் தன் விலைக்கு விற்கவும், அடுத்து ஓர் ஆடோ தையல் இயந்திரமோ வாங்கவும் முடியும். அந்த வரிசையைக் குடும்பமே முடிவு செய்ததுதான் இந்த முறையின் உயிர்நாடி.

இந்தக் கட்டத்தில் பன்னாட்டு நன்கொடையின் பங்கு எது? கடன் கொடுக்கும் முதல், பெரும்பாலும் உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்தே தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் பயிற்சிக்கும், கணக்கெழுதக் கற்றுத் தருவதற்கும், மாதக்கணக்கில் கூட்டங்களில் வந்து உட்கார்ந்த களப்பணியாளரின் சம்பளத்துக்கும், ஓரளவு இணைநிதிக்கும் பயன்பட்டது. நன்கொடையாளர் படம் எடுத்துக் காட்டக்கூடிய கட்டடமோ மாடோ இதில் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டதே அந்த வெளிநாட்டு அமைப்புகள் செய்த மிகப் பெரிய உதவி.

வங்கி எடுத்த மூன்று முடிவுகள்

1987இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. குழுக்கள் தாமே சேமித்த தொகைக்கு ஈடாக முதல் தந்து, இந்தச் சோதனை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கான பணம் அது. அதன் விளைவுகளும் பிற மாநிலங்களின் அனுபவங்களும் சேர்ந்து, ரிசர்வ் வங்கியின் ஒப்புதலுடன் 1992இல் 500 குழுக்களை இலக்காக வைத்துக் குழு–வங்கி இணைப்புத் திட்டம் தொடங்கியது. அதில் மூன்று முடிவுகள் அடங்கியிருந்தன. மூன்றும் அன்றைய வங்கி நடைமுறைக்கு நேர் எதிரானவை. பதிவு செய்யப்படாத குழுவும் தன் பெயரில் கணக்குத் தொடங்கிக் கடன் பெறலாம். ஈடு கேட்கக் கூடாது. கடனை வங்கி குழுவுக்கு மொத்தமாகத் தர வேண்டும். அதில் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்பது குழுவின் தீர்மானம். மாடு கொடுத்த திட்டத்தில் அதிகாரியிடம் இருந்த அதிகாரம், இந்த மூன்றாவது முடிவினால் கைநாட்டு வைக்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் நிறுவிய கிராமீன் வங்கியின் முறையிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். அங்கே ஐந்து பேர் கொண்ட குழுவின் வழியாக வங்கி தனித்தனி ஆளுக்குக் கடன் கொடுக்கிறது. இங்கே குழுவே ஒரு சிறு வங்கி.

முதல் ஆண்டில் 255 குழுக்கள் வங்கிக் கடன் பெற்றன. 2024 மார்ச்சில் வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த குழுக்கள் சுமார் 1.44 கோடி.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், குழுக்களை அமைக்கும் பணியில் மைராடா அரசோடு கைகோத்தது. அந்தத் திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவி, 1997இல் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு முன்மாதிரியானது. ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி மலையிலும் அந்நிறுவனம் பணியாற்றியது. கோபிசெட்டிபாளையத்தில் உள்ள மைராடா வேளாண் அறிவியல் நிலையம் கொங்கு உழவர்களுக்கு நன்கு அறிமுகமான இடம். ஓசூர் டைட்டன் கடிகார ஆலைக்கு வேலை செய்துதரும் கிராமப் பெண்களின் நிறுவனமான மெடோவும் இந்த மரபிலிருந்து வந்ததே.

வெற்றியின் நிழல்

ஏழைப் பெண்கள் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார்கள் என்று நிரூபணமானதும், அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் லாபம் தேடியவர்களும் இருந்தனர். 2000களில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. அவையும் பெண்களைக் குழுவாக உட்கார வைத்தன. ஆனால் அந்தக் குழுவுக்குச் சேமிப்பு இல்லை, பொது நிதி இல்லை, தீர்மானப் புத்தகமும் இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் குழு லோன் என்று சாதாரணமாகச் சொல்லும்போது இன்று பலரும் நினைப்பது இதைத்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று கருதுவது பெருந்தவறு. 2009இல் கோலார், ராமநகரம் பகுதிகளில் கடன் வசூலுக்கு எதிராக எழுந்த எதிர்ப்பும், 2010இல் ஆந்திராவில் வெடித்த நெருக்கடியும் இதன் முதல் எச்சரிக்கைகள். 2025 ஜனவரியில் மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களின் சில கிராமங்களில் வசூல் முகவர்களுக்கு அஞ்சிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. பிப்ரவரி 12 அன்று கர்நாடக அரசு, வன்முறை வசூலுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. தமிழ்நாடும் அதே ஆண்டில் இதே நோக்கமுள்ள சட்டத்தை இயற்றியது.

எந்த மண்ணில் பெண்கள் தங்கள் கடனைத் தாங்களே நிர்வகிக்கக் கற்றார்களோ, அதை அடுத்த ஊர்களிலேயே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடும் நிலை வந்ததற்குக் காரணம் என்ன? இலக்கு என்பது ஒரு காரணம். அரசுத் திட்டங்கள் 1999க்குப் பின் குழுக்களை எண்ணிக்கைக் கணக்கில் உருவாக்கின. ஒருவரையொருவர் நம்பாதவர்களும் மானியத்துக்காக ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பயிற்சிக்குச் செலவிட ஆள் இல்லை; கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த ஒருவரின் கைக்குள் குழு சுருங்கியது. வலுவிழந்த குழு வங்கியிடம் பேரம் பேச முடியாமல், வாசலுக்கு வந்து பணம் தரும் முகவரிடம் போனது. சேமிப்பைக் கொண்டு தன் உறுப்பினருக்கு உடனே ஆயிரம் ரூபாய் தர முடிகிற குழு உள்ள தெருவில் அந்த முகவருக்கு அவ்வளவு வேலை இருக்காது.

இந்த முறைக்கு இயல்பிலேயே உள்ள எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் கூட்டத்துக்கு வரவும் பத்து ரூபாய் சேமிக்கவும் முடிந்த குடும்பமே குழுவில் நிலைக்கிறது. ஆண்டில் பாதியைக் குடகின் தோட்டங்களில் கழிக்கும் ஜேனு குறும்பர் குடும்பம் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது நிலமும் வன உரிமையும் ரேஷன் அட்டையும் பள்ளியும் மருத்துவமும். கடனால் அவற்றை ஈடுசெய்ய முடியாது. அவற்றைத் தரும் கடமை அரசுடையது. மைசூருவில் 2023 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கிருகலட்சுமி திட்டம் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பசியின் கூர்மையை அது குறைக்கிறது என்பதில் ஐயமில்லை, அதைக் குறைசொல்வதும் சரியன்று. எனினும் கையில் வரும் 2,000 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துவிடுமா, பத்துப் பேரின் பணத்தோடு சேர்ந்து முதலாகுமா என்பது அந்தத் தெருவில் நம்பிக்கையான ஒரு சங்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

விலகத் தெரிந்த தொண்டு

பன்னாட்டு நிறுவனங்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. நிதி நிற்கும் நாள் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தான் விலகிய பின் குழுக்களுக்குத் தணிக்கை, பயிற்சி, வங்கித் தொடர்பு ஆகிய சேவைகளைத் தருவதற்காக, ஏறத்தாழ நூறு குழுக்களுக்கு ஒன்றாகச் சமுதாயமே நிர்வகிக்கும் வள மையங்களை மைராடா அமைத்தது. குழுக்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அவற்றை நடத்துகின்றன. தணிக்கைக்குத் தன் பணத்தைக் கொடுக்கும் குழு, தணிக்கை ஒழுங்காக நடக்கிறதா என்றும் கேட்கும். வங்கிகள் தயங்கும் இடங்களில் குழுக்களுக்குக் கடன் தருவதற்காக 1995இல் பதிவான சங்கமித்ரா ஊரக நிதிச் சேவை நிறுவனம், லாபப் பங்கு பிரிக்காத கம்பெனியாக அமைக்கப்பட்டது. தனியாளுக்கு அன்றிக் குழுவுக்கே அது கடன் கொடுக்கிறது.

வெளிநாட்டுப் பணம் வரும் வழியும் இப்போது குறுகியுள்ளது. 1976இல் வந்து, 2010இல் புதிதாக எழுதப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. நன்கொடை முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு ஒன்றுக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அந்நியப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது எந்த அரசுக்கும் உரிய கடமை. ஆனால் இந்தக் கடைசித் தடை, தில்லியையோ ஜெனீவாவையோ தானாக எட்ட முடியாமல், பெரிய நிறுவனங்களின் வழியாகச் சிறு தொகை பெற்றுவந்த எச்.டி. கோட்டை போன்ற இடங்களின் சிற்றமைப்புகளை வெகுவாகத் தாக்கியது. அந்த இடத்தை உள்நாட்டு நன்கொடை நிரப்பியாக வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் தனிமனிதரின் மாதாந்திர நன்கொடையும் இன்று அந்தத் திசையில் வளர்கின்றன. ஆனால் அவையும் படம் எடுக்கக்கூடிய பொருள்களையே நாடுகின்றன. கணக்கெழுதக் கற்றுத்தரும் பெண்ணின் சம்பளத்துக்குப் பணம் தர முன்வருவோர் அரிதாகவே உள்ளனர். வறுமை ஒழிப்புக்காக ஏதேனும் ஓர் அமைப்புக்கு நன்கொடை தரும் வாசகர்கள், அடுத்த முறை பணம் அனுப்பும் முன் அந்த அமைப்பிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: நீங்கள் எந்த ஆண்டில் அந்த ஊரைவிட்டு விலகத் திட்டமிட்டிருக்கிறீர்கள்? நீங்கள் விலகிய பின் கணக்கு நோட்டை எழுதப்போகிறவருக்கு இப்போது யார் பயிற்சி தருகிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத அமைப்பாக இருந்தால், உங்கள் நன்கொடையை அந்தப் பயிற்சிக்கே ஒதுக்கச் சொல்லி அனுப்புங்கள்.